முப்பத்தேழாம் எண் வீட்டின் மூன்று படிகள்

1983 ஆகஸ்ட் 16, செவ்வாய்க்கிழமை, காலை மணி 9.40. விடியுமுன் தொடங்கிய மழை எட்டு மணிக்குத்தான் விட்டிருந்தது. வெயில் இன்னும் வரவில்லை. மலேசியாவில், ஈப்போவிலிருந்து பதினோரு மைல் தள்ளி, முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்த நிலத்தில் புதிதாகக் கட்டிய 48 வீடுகளில், 37-ஆம் எண் வீட்டுக்கு முன்னால் மூன்று ஆட்களோடும் இரண்டு சம்மட்டிகளோடும் நின்றிருந்தேன். பதினெட்டு நாளுக்கு முன் நானே பக்கத்தில் நின்று போட்டு முடித்த சிமெண்டுச் சரிவை உடைக்க வந்திருந்தேன். போடுவதற்கு நான்கு நாள் ஆனது. உடைப்பதற்கு 55 நிமிடம்.

அந்த வீட்டுக்காரி பச்சையம்மா, சாலையோரத்தில் தன் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, கடைசித் துண்டை லாரியில் ஏற்றும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டட வேலையில் இருக்கும் இளைஞர்கள் படிக்க ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். நான் 31 வருஷம் சைட் சூப்பர்வைசராக இருந்தவன். சிலிம் ரிவரில் பள்ளிக்கூடம், பாரிட் புந்தாரில் நெல் ஆலை, கமுந்திங்கில் மூன்று பேக்டரி என்று எழுதப் பெருமையான வேலைகள் இருக்கின்றன. அவற்றை யார் வேண்டுமானாலும் எழுதலாம். என் கணக்கில் நேராகாமல் நிற்பது இந்த ஒரு வீடு.

1. இருபத்தைந்து அங்குலம்

தோட்டத்தை வாங்கியவர் ஈப்போவில் பேர்பெற்ற செட்டியார் குடும்பத்துக்காரர். நாங்கள் முதலாளி என்றுதான் சொல்வோம். தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசைக் குடியிருப்புகளில், இருந்த 48 குடும்பங்களுக்கும் மலிவு விலையில் ஆளுக்கொரு வரிசை வீடு. வீடு முடிந்ததும் லயங்களை இடித்துவிடுவது. இதுதான் ஏற்பாடு. யாருக்கு எந்த வீடு என்பதை 1982 நவம்பரில் குலுக்கிப் போட்டோம். பச்சையம்மாவுக்கு வந்தது 37. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். மூலை வீட்டுக்கு விலை அதிகம். அது அவரால் ஆகாது.

பச்சையம்மாவுக்கு அப்போது வயது 41. 1975-இல் ஆட்களை ஏற்றிப் போன தோட்டத்து டிராக்டர் கவிழ்ந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. நஷ்டஈடு மூன்று வருஷம் இழுத்து வந்தது. வந்த பணம்தான் இந்த வீட்டுக்கு முன்பணம். சக்கர நாற்காலி ஈப்போ மாதா கோயில் ஒன்றில் வசூலித்துக் கொடுத்தது. லயத்து வீடுகளின் தரை மண்ணோடு மண்ணாக இருக்கும். வாசலில் படி கிடையாது. அதனால் அவர் யார் துணையும் இல்லாமல் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு காலை ஐந்தரைக்கு ஆயாக் கொட்டகைக்குப் போய்விடுவார். ரப்பர்ப் பால் வெட்டப் போகிறவர்கள் விட்டுப்போகும் 14 குழந்தைகளைப் பகல் வரை பார்த்துக்கொள்வார். மாதச் சம்பளம் 90 வெள்ளி. அந்தக் கொட்டகையும் லயத்தோடு போகிறது. புதுத் தெருவில் ஒரு பாலர் பள்ளி வரப்போகிறது, 37-ஆம் எண்ணிலிருந்து 260 தப்படி தூரம். அங்கே அவருக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை: காலை ஏழு மணிக்குத் தானாக வந்து தானாகப் போக வேண்டும், தூக்கிவிட ஆள் கிடையாது.

அடித்தளம் தோண்டிக்கொண்டிருந்தபோது சைட்டுக்கே வந்து என்னைப் பிடித்தார்.

"சார், நான் பெரிசா ஒண்ணும் கேக்கல. இந்த வண்டி உள்ள போவணும், வெளிய வரணும். அவ்ளோதான். மத்தத நான் பாத்துக்கிறேன்."

டேப்பை எடுத்து நாற்காலியை அளந்தேன். சக்கரத்தின் வெளிப்பக்கம் வரை 25 அங்குலம். பிளானில் எல்லாம் மீட்டராகிவிட்டிருந்தாலும் சைட்டில் நாங்கள் அடியில்தான் பேசுவோம். வாசல் கதவு போதும். கழிவறைக் கதவு 24 அங்குலம். ஓர் அங்குலம் குறைகிறது என்றேன்.

"அப்ப எத செதுக்கப் போறீங்க சார், வண்டியவா கதவயா?" என்றார்.

முதலாளியிடம் போனேன். அவர் கெட்டவர் அல்ல. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். "ஆசீர்வாதம், இப்படிச் செய்யணும்னு சட்டத்துல இருக்கா?" என்றார்.

கட்டட விதிப் புத்தகத்தை இரண்டு முறை புரட்டினேன். ஜன்னல் அளவு இருந்தது. கூரை உயரம் இருந்தது. படியின் உயரம் எவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்பதும் இருந்தது. படி ஏற முடியாதவர் பற்றி ஒரு வரி இல்லை. இல்லை என்றேன்.

"அப்ப அது தர்மக் கணக்கு. எவ்வளவு ஆகும்?"

பெரிய கதவுக்கு 22 வெள்ளி, வாசலில் சிமெண்டுச் சரிவுக்கு 72 வெள்ளி, ஆக 94 என்றேன். "செய்யுங்க. பிளான்ல காட்டாதீங்க. காட்டுனா நாப்பத்தெட்டு பேரும் வந்து நிப்பான்" என்றார். நானும் சரி என்றேன். என் முதல் தப்பு அது. அப்போது அது எனக்குச் சாமர்த்தியமாகத் தெரிந்தது.

வீட்டுத் தரை மண்ணிலிருந்து 12 அங்குல உயரம். நாற்காலியைத் தானே தள்ளி ஏறுகிறவருக்கு ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் வேண்டும். ஆக 12 அடி. வராந்தா விளிம்பிலிருந்து எல்லைக் கல் வரை 12 அடி 6 அங்குலம் இருந்தது. ஆறு அங்குலம் மிச்சம். நோட்டில் எழுதி அடியில் கோடு போட்டேன்.

2. ஒற்றைப்படை

1983 ஜனவரி 9, ஞாயிற்றுக்கிழமை, வீடு வாங்குகிறவர்கள் பெரட்டுக் களத்தில் கூட்டம் போட்டார்கள். பழைய தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கு எடுக்கும் இடம் அது. தலைவர் ரெங்கசாமி, முன்னாள் கங்காணி. மாதிரிக்குக் கட்டிய ஒன்றாம் எண் வீட்டை எல்லாரும் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். சுவரில் குறை இல்லை, கூரையில் குறை இல்லை. வாசலில் இரண்டு படி இருந்ததுதான் குறை.

"ரெண்டு ஆகாது சார்" என்றார் ரெங்கசாமி. "மொதப் படி லாபம், ரெண்டாம் படி நஷ்டம். நஷ்டத்துல கால வச்சா வீட்டுக்குள்ள போறது? ஒத்தப்படைல இருக்கணும். இல்லாட்டி ஒருத்தனும் சாவி வாங்க மாட்டான்."

நான் கிறிஸ்துவன். எனக்கு இந்தக் கணக்கில் நம்பிக்கை கிடையாது. ஆனால் தோட்டத்தில் பிறந்தவன். இவர்களுக்கு இது விளையாட்டில்லை என்று தெரியும். 48 குடும்பம் வாழ்நாளில் முதல் தடவையாகச் சொந்த வாசலில் கால் வைக்கப் போகிறது. அதனால் கேலி பேசாமல், மற்ற 47 வீட்டுக்கும் தளம் போடுமுன் தரையை இன்னும் ஆறு அங்குலம் உயர்த்தி மூன்று படி வைத்துவிடலாம், ஒன்றாம் எண்ணில் முன்பக்கம் தாழ்வாக இன்னொரு படி சேர்த்துவிடலாம் என்றேன். எல்லாரும் கை தட்டினார்கள்.

அப்போது பின் வரிசையிலிருந்து பச்சையம்மா கேட்டார். "ஒண்ணும் ஒத்தப்படதானே சார்? ஆறு அங்குலம் எறக்கி ஒரே படியா வச்சா என்ன?"

கூட்டம் சிரித்தது. "ஒத்தப் படி மாட்டுக் கொட்டாய்க்கு வப்பாங்க, தாயி" என்றார் ரெங்கசாமி. "நாம வீடு கட்டுறோம்லா." பச்சையம்மா என் முகத்தைப் பார்த்தார். அவ்வளவு தாழ்வாக வைத்தால் மழைக்குத் தண்ணீர் ஏறும் என்று நான் சொன்னேன். அதை நான் கணக்குப் போட்டுச் சொல்லவில்லை. கை தட்டியவர்கள் பக்கம் நின்றுகொண்டு சொன்னேன். அதற்குப் பிறகு நான்கு வருஷத்தில் அந்தத் தெருவில் தண்ணீர் ஏறியது ஒரே ஒரு முறை, இரண்டு அங்குலம். பக்கத்து வீட்டுக்காரரிடம் பின்னால் விசாரித்து எழுதி வைத்திருக்கிறேன்.

மறுநாள் முதலாளியும் சந்தோஷப்பட்டார். பழைய ஈயச் சுரங்கத்து லம்ப மண் பக்கத்திலேயே சும்மா கிடந்தது. மேடாக்கச் செலவு இல்லை. "எங்க பக்கமும் இதே கணக்குதான். நல்ல காரியம் பண்ணீங்க" என்றார். அடுத்த ஞாயிறு ரெங்கசாமி எனக்கு ஒரு துண்டு போர்த்தினார். ஆணி மூட்டையைக்கூட எண்ணி வாங்குகிறவன் நான். ஆறு அங்குலம் உயர்ந்தால் ஆறு அடி நீளும் என்று ஆறு மாதத்துக்கு எண்ணவில்லை.

3. ஆ மெங் பிடித்த நூல்

ஜூலையில் பூச்சு வேலை முடிந்ததும், 37-ஆம் எண் வாசலுக்குக் கொத்து வேலைக்காரர் ஆ மெங்கைக் கூட்டிப் போனேன். பதினைந்து வருஷமாக என்னோடு வேலை பார்த்தவர். வராந்தா விளிம்பில் நூலைக் கட்டி எல்லைக் கல் வரை இழுத்துப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார்.

"பெண்டேக் லா, பாஸ்" என்றார். நீளம் போதாது என்று.

18 அங்குலத்துக்கு 18 அடி வேண்டும். இருப்பது 12 அடி 6 அங்குலம். ஐந்தரை அடி குறைந்தது. வெயிலில் நின்று நான்கு முறை அளந்தேன். நான்கு முறையும் அதே அளவுதான்.

இருக்கிற நீளத்துக்குள் செங்குத்தாகப் போட்டால் என்ன என்று பலகை சாய்த்துப் பார்த்தோம். பச்சையம்மா பாதி தூரம் ஏறினார். கை தாங்காமல் வண்டி பின்னால் உருண்டது. புருஷன் கோவிந்தன் குறுக்கே பாய்ந்து காலில் அடி வாங்கி நிறுத்தினார். "பரவால்ல சார், கால்தானே" என்று அவர் சொன்னபோது பச்சையம்மா, "ஆமா, நம்ம வீட்டுல காலுக்கு என்ன மதிப்பு" என்றார். கோவிந்தன் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

கடைசியில் சரிவை எல்லைக்கு வெளியே கொண்டுபோனேன். முன்னால் ஓடும் லோங்காங் கால்வாயின் மேல் சிலாப் போட்டு மூடி, தண்ணீர் ஓட அடியில் ஒன்பது அங்குலக் குழாய் வைத்து, சாலையோரம் வரை ஐந்தரை அடி. அந்த இடம் நகராண்மைக் கழகத்துடையது என்று எனக்குத் தெரியும். ஒரு வீடுதானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

ஜூலை 29 வெள்ளிக்கிழமை முடிந்தது. ஈரம் காய்ந்ததும் பச்சையம்மா சாலையிலிருந்து வராந்தாவுக்குத் தனியாக ஏறினார். கடிகாரத்தில் பார்த்தேன், 40 வினாடி. உள்ளே போய்க் கழிவறைக் கதவுக்குள் நுழைந்து வெளியே வந்தார். நான் பெரிய கதவு போட்டு, கீழே இருந்த தடுப்பையும் எடுத்திருந்தேன். அப்புறம் சரிவில் இறங்கினார், ஏறினார், மறுபடியும் இறங்கினார். மூன்று முறை ஆனதும் போதுமே, சரியாக இருக்கிறதே என்றேன்.

"எறங்கும்போது மூஞ்சில காத்து வருது சார்" என்றார். நான்காவது முறை ஏறப் போனார்.

4. நாற்பத்தேழு குடும்பம்

ஆகஸ்ட் 11, வியாழக்கிழமை, நகராண்மைக் கழகத்து இன்ஸ்பெக்டர் வந்தார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் சி.எஃப்., அதாவது குடியேறலாம் என்ற சான்றிதழ் கிடைக்கும். அது 48 வீட்டுக்கும் சேர்த்து ஒரே தாள். மரியாதையான மலாய்க்கார இளைஞர். 36 வீட்டில் எதுவும் சொல்லவில்லை. 37-இல் நின்றார். பிளானை விரித்தார். இது பிளானில் இல்லை, கழக நிலத்தில் இருக்கிறது, கால்வாயை மூடியிருக்கிறது என்று மூன்றையும் வரிசையாக எழுதினார்.

நாற்காலிக்கார அம்மாவைப் பற்றி நான் விளக்கினேன். அவருக்கு உண்மையிலேயே வருத்தம்தான். ஆனால் இதை விட்டால் நாளைக்கு ஒவ்வொருவரும் கால்வாய் மேல் கார் கொட்டகை போடுவார்கள் என்றார். திருத்திய பிளான் கொடுத்தால் பார்க்கலாம், குறைந்தது மூன்று மாதம் ஆகும் என்றார். முன்பே பிளானில் காட்டியிருந்தால் ஒரு வழி பார்த்திருக்கலாமே என்றும் சொன்னார். கழிவறைக் கதவையும் அவர் பார்த்தார். திறந்தார், அகலத்தைக் கண்ணால் அளந்தார், மூடினார். அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

லயங்களுக்குத் தண்ணீரும் கரண்டும் ஆகஸ்ட் மாதக் கடைசியோடு வெட்டுவதாக நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. மூன்று மாதம் என்றால் 48 குடும்பமும் தண்ணீர் இல்லாமல் கிடக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரெங்கசாமியும் இன்னும் ஆறு பேரும் பச்சையம்மாவின் லயத்து வீட்டுக்கு வந்தார்கள். என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். யாரும் உட்காரவில்லை. ரெங்கசாமி நல்ல விதமாகத்தான் ஆரம்பித்தார்.

"தாயி, ஒன் கஷ்டம் தெரியும். ஆனா ஒன் ஒருத்திக்காக நாப்பத்தேழு குடும்பம் புள்ளகுட்டியோட தண்ணியில்லாம கெடக்கணுமா, சொல்லு."

கோவிந்தனுக்குக் கோபம் வந்துவிட்டது. "மூணு படி கேட்டது யாருண்ணே? ரெண்டோட விட்டிருந்தா சரிவு நம்ம எடத்துக்குள்ளயே நின்னிருக்கும்லா. சார கேளுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம் என்றேன். அது மட்டும்தான் அன்றைக்கு நான் பேசியது.

ரெங்கசாமி, "அது சாமி காரியம். அத இதோட சேக்காதப்பா" என்றார்.

பச்சையம்மா கையை உயர்த்திப் புருஷனை நிறுத்தினார். "இடிச்சிருங்க சார்" என்றார். பிறகு ரெங்கசாமியைப் பார்த்து, "போங்கண்ணே, போய்ச் சாமான் கட்டுங்க. நான் லாபத்துல ஏறி லாபத்துலயே உக்காந்துக்கிறேன்" என்றார்.

செவ்வாய்க்கிழமை இடித்தேன். 24-ஆம் தேதி சி.எஃப். வந்தது. 48 குடும்பமும் வாழைமரம் கட்டிப் பால் காய்ச்சின. 37-ஆம் எண் வீட்டுக்குள் பச்சையம்மாவை மூன்று படியும் தாண்டி நாற்காலியோடு தூக்கி வைத்தார்கள், கோவிந்தன் ஒரு பக்கம், ரெங்கசாமி ஒரு பக்கம். செப்டம்பரில் முதலாளி என்னைக் கமுந்திங் பேக்டரி வேலைக்கு அனுப்பினார். தண்டனை என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. போய்விட்டால் போதும் என்றிருந்தது.

5. ட

பாலர் பள்ளியில் அவருக்காக இரண்டு மாதம் இடத்தை வைத்திருந்தார்கள் என்று கேள்விப்பட்டேன். கோவிந்தனுக்கு மரப்பலகை ஆலையில் ஆறு மணிக்கு வேலை. பக்கத்து வீட்டுக்காரரும் அதற்கு முன்னே கிளம்பிவிடுவார். ஏழு மணிக்கு மூன்று படி இறக்க ஆள் இல்லை. இடத்தை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பெண் ரெங்கசாமியின் மருமகள். அதில் சூது ஒன்றும் இல்லை. அவள்தான் சும்மா இருந்தாள்.

1987 மே மாதம் குடலிறக்கத்துக்காக நான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். வார்டுக்கும் எக்ஸ்ரே அறைக்கும் நடுவில் ஒரு சரிவு. வெள்ளைக்காரன் காலத்துச் சிமெண்டு. கொஞ்ச தூரம் நேராக இறங்கும், ஒரு சமதளம், அங்கே திரும்பி மறுபடி இறங்கும். பார்க்க வந்தபோதும் படுக்க வந்தபோதும் சேர்த்து அதில் பதினோரு முறை நடந்திருக்கிறேன். பன்னிரண்டாவது முறை என்னைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அப்போதுதான் பார்த்தேன்.

திரும்பலாம். சரிவு நேராகத்தான் போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. மாத்திரைச் சீட்டின் பின்பக்கம் வரைந்தேன். வராந்தாவிலிருந்து எட்டரை அடி நேராக, நாலடி சமதளம், அங்கே திரும்பி வீட்டின் அகலத்தோடு ஒன்பதரை அடி. நம் 'ட' எழுத்து மாதிரி. சரிவின் நீளம் மொத்தம் 18 அடி. எல்லைக் கல்லைத் தாண்ட வேண்டாம், கால்வாயைத் தொட வேண்டாம், யாரையும் கேட்க வேண்டாம். வீட்டின் அகலம் 20 அடி. அந்த 20 அடியை நான் பிளானில் நூறு முறையாவது பார்த்திருப்பேன். 1983 ஜூலையில் எனக்குத் தோன்றியிருந்தால் எல்லாம் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும்.

ஜூன் 14, ஞாயிற்றுக்கிழமை 37-ஆம் எண் வீட்டுக்குப் போனேன். பச்சையம்மா பருத்திருந்தார். கை மட்டும் மெலிந்திருந்தது. நான் சொன்னதைக் கேட்டு, "போடுங்க சார், ஒங்களுக்கு மனசு ஆறட்டும்" என்றார். இந்த நான்கு வருஷத்தில் எத்தனை முறை வெளியே போயிருப்பீர்கள் என்று தயங்கிக்கொண்டே கேட்டேன்.

"பதினேழு. நீங்க வந்தா கேப்பீங்கன்னு எண்ணி வச்சேன்."

ஆ மெங்கை வரவழைத்தேன். இரண்டு நாளில் வேலை முடிந்தது. ஒரு வாரம் விட்டுப் போய்ப் பார்த்தேன். பச்சையம்மா எனக்காக ஒரு முறை இறங்கிக் கேட் வரை வந்தார். ஏறும்போது இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். கையில் பலம் இல்லை. நாலு வருஷம் சக்கரம் தள்ளாத கை. கோவிந்தன் பிடிக்கப் போனார், வேண்டாம் என்றார். ஏறி முடிக்க மூன்று நிமிடம் ஆனது.

இனிமேல் தினமும் கடைப் பக்கம் போய்வரலாமே என்றேன்.

"எங்க சார் போறது? நான் பாத்த புள்ளைங்கள்லாம் பெரிய பள்ளிக்கூடம் போயிருச்சு. எவனும் என்னயத் தேடல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு, நான் வருத்தப்படுவேன் என்று நினைத்தாரோ என்னவோ, "நல்லாத்தான் இருக்கு சார். மோட்டார் ஏத்த வசதி" என்றார். கோவிந்தன் அன்று சாயங்காலம் மோட்டார் சைக்கிளை அந்தச் சரிவில் தள்ளி வராந்தாவில் நிறுத்தியதை நானே பார்த்தேன். மழைக்கு நனையாதாம்.

இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். தரையை ஓர் அங்குலம் உயர்த்தினால் யாரோ ஒருவருக்கு ஓர் அடி தூரம் கூடுகிறது. தளம் போடுமுன் அந்த ஒருவர் யார் என்று கேளுங்கள். விதியில் இல்லை என்பதோடு பேச்சை முடித்துவிடாதீர்கள். நல்லது செய்வதானால் பிளானிலேயே வரையுங்கள். மறைத்துச் செய்த நல்லதை முதலில் பார்க்கிற அதிகாரி இடிப்பான், அவன்மேல் தப்பும் இருக்காது. கூட்டத்தில் ஒருவர் கேள்வி கேட்டு மற்றவர்கள் சிரித்தால், சிரிப்பு அடங்கியதும் அந்தக் கேள்விக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நான் போட்டேன், நான்கு வருஷம் கழித்து.

சிமெண்டு ஒன்பது மூட்டை 86 வெள்ளி 40 காசு. மணலும் கல்லும் 62. ஆ மெங்குக்கு இரண்டு நாள் கூலி 80. கையாளுக்கு 40. முதலாளியிடம் கேட்கவில்லை, என் கைக்காசுதான். மொத்தம் 268 வெள்ளி 40 காசு.